முதுகைக் கையால் படிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதுகின் உடற்கூற்றைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வண்ணப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என்று மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் ஒருவர் முதுகைத் திருப்பிக் காட்டி, ‘இந்த இடத்தில்தான் வலிக்கிறது’ என்று விரலை வைக்கும்போது, அந்த விரலுக்குக் கீழே இருப்பது எந்த எலும்பு, எந்தத் தசை என்று சொல்வதற்கு அந்த மனப்பாடம் உதவாது. படத்தில் தோலையும் கொழுப்பையும் உரித்துவிட்டு வரைந்திருப்பார்கள். எதிரில் இருக்கும் ஆளிடம் இரண்டுமே இருக்கின்றன.

ஆகவே இந்த வழிகாட்டி தலைகீழ் வரிசையில் போகிறது. முதலில் கண், அடுத்து விரல், பெயரெல்லாம் அதற்கப்புறம். பிசியோதெரபி மாணவர், யோகா ஆசிரியர், உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர், எம்ஆர்ஐ அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறவர் என யாராக இருந்தாலும் ஒரு மாலைப்பொழுதில் செய்து பார்த்துவிடலாம்.

தொடங்கும் முன்

முதுகைக் காட்டச் சம்மதிக்கும் நண்பர் ஒருவர் வேண்டும். சாய்மானம் இல்லாத ஸ்டூல், குப்புறப் படுக்க உறுதியான கட்டில் அல்லது விரிப்பு, வயிற்றுக்கடியில் வைக்க ஒரு தலையணை, தோலில் எழுதி அழிக்கக்கூடிய பேனா ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சில்லென்ற விரல் பட்டதும் தசை இறுகிக்கொண்டால் அடியிலிருக்கும் எலும்பு கைக்கு அகப்படாது. முதல் முறைக்கு ஒல்லியான ஆள் கிடைத்தால் உங்கள் பாடு சுலபம்.

எங்கே தொடப்போகிறீர்கள் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத் தொடுங்கள். நகக்கண் வெளுக்கத் தொடங்கினால் அழுத்தம் போதும், அதற்குமேல் வேண்டாம். அண்மையில் விழுந்து அடிபட்டவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோரைப் பயிற்சிக்கு அழைக்காதீர்கள். ‘சொடக்கு எடுத்துவிடுகிறேன்’ என்று எவர் கழுத்தையும் இடுப்பையும் திருகவும் கூடாது. இது அறிந்துகொள்வதற்கான பாடம் மட்டுமே. சரிசெய்யும் வேலைக்குத் தனிப் படிப்பு இருக்கிறது.

கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்

நண்பரை இயல்பாக நிற்கச் சொல்லுங்கள். ‘நேராக நில்லுங்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள். உடனே மார்பை விரித்துக்கொண்டு, வழக்கமில்லாத ஒரு முதுகைக் காட்டுவார். இரண்டடி தள்ளிப் பின்னால் நின்று பாருங்கள். தோள்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? தோள்பட்டை எலும்புகளின் கீழ்முனைகள்? தொங்கும் கைகளுக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றுபோல இருக்கிறதா? கொஞ்சம் ஏற்றத்தாழ்வு எல்லோரிடமும் உண்டு. அதிகம் பயன்படுத்தும் கையின் பக்கத்துத் தோள் சற்றே இறங்கியிருப்பதைப் பலரிடம் காணலாம். அதைக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில் நண்பரைப் பயமுறுத்தாதீர்கள்.

அடுத்து, உள்ளங்கைகளைச் சேர்த்துக்கொண்டு, முழங்காலை மடக்காமல் மெல்லக் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். விலா எலும்புகளின் மேடு ஒரு பக்கம் மட்டும் தூக்கலாகத் தெரிந்தால், முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்ததோடு தன்னைத்தானே முறுக்கிக்கொண்டும் இருக்கலாம். இதுதான் ஸ்கோலியோசிஸ். எக்ஸ்ரேயில் வளைவு 10 பாகையாவது இருந்தால்தான் அந்தப் பெயரைச் சூட்டுவார்கள். வளரும் பிள்ளைகளிடம் இப்படி ஒரு மேடு தெரிந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது பக்கவாட்டில் வந்து நில்லுங்கள். கழுத்து உள்வாங்கியிருக்கும், மேல்முதுகு பின்னோக்கிப் புடைத்திருக்கும், இடுப்பு மறுபடி உள்வாங்கும், அதற்குக் கீழே பிட்டத்தின் நடுவில் எலும்பு மீண்டும் பின்னோக்கி வளையும். கருவிலிருக்கும் குழந்தைக்கு முதுகு முழுவதும் ஒரே வளைவுதான்; பின்னோக்கிப் புடைத்த வளைவு. தலையைத் தூக்கப் பழகும் மாதங்களில் கழுத்து வளைவும், எழுந்து நின்று நடக்கப் பழகும் காலத்தில் இடுப்பு வளைவும் உருப்பெறுகின்றன. முதுகு கோடு போட்டதுபோல் நேராக இருக்க வேண்டும் என்று அறிவுரை சொல்கிறவர்கள் இந்த நான்கு வளைவுகளையும் ஒருமுறை பக்கவாட்டில் நின்று பார்த்தால் நல்லது.

கழுத்தடியில் தொடங்குங்கள்

நண்பரை ஸ்டூலில் உட்கார வைத்துத் தலையைக் குனியச் சொல்லுங்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு முடிச்சு துருத்திக்கொண்டு நிற்கும். அது பெரும்பாலும் ஏழாவது கழுத்து முள்ளெலும்பின் பின்முள், அதாவது அந்த எலும்பிலிருந்து பின்னோக்கி நீளும் முனை. அறிக்கைகளில் இதை சி7 என்று எழுதுவார்கள். ‘பெரும்பாலும்’ என்று சொல்லக் காரணம் இருக்கிறது: சிலருக்கு அதற்கு மேலுள்ள சி6 முந்திக்கொண்டு நிற்கும், சிலருக்கு மார்பின் முதல் எலும்பான டி1 அதைவிடப் பெரிதாக இருக்கும்.

இதைத் தீர்க்க ஓர் எளிய சோதனை உண்டு. துருத்தி நிற்கும் முடிச்சில் நடுவிரலையும் அதற்கு மேலுள்ளதில் ஆள்காட்டி விரலையும் வையுங்கள். இப்போது தலையை மெதுவாக நிமிர்த்தி, கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் விரலுக்கடியில் இருந்த முள் முன்பக்கமாக நழுவி மறைந்துவிட்டால் அது சி6. கீழே நகராமல் நிற்பது சி7. இரண்டுமே நகராமல் நின்றால் நீங்கள் ஒரு படி கீழே இருக்கிறீர்கள். விரல்களை மேலே ஏற்றி மறுபடி செய்யுங்கள். அந்த நழுவல் ஒரு கணத்தில் நடந்து முடிந்துவிடும். அழுத்திப் பிடித்தால் தெரியாது. விரல் நுனியைத் தோலில் சும்மா படியவிட்டுக் காத்திருந்தால் தெரியும். கண்டுபிடித்ததும் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். இனி எண்ணப்போவதெல்லாம் இங்கிருந்துதான்.

சி7-க்கு மேலே ஆறு எலும்புகள் இருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவை விரலுக்கு அகப்படுவதில்லை. கழுத்தின் உள்வளைவில் அவை ஆழமாக, தடித்த ஒரு நார்ப்பட்டைக்கும் தசைகளுக்கும் அடியில் ஒளிந்திருக்கின்றன. மண்டையோட்டின் அடிவிளிம்பிலிருந்து நடுக்கோட்டில் இறங்கினால் முதலில் கைக்குத் தட்டுப்படும் பெரிய முள் சி2. அதற்கு மேலுள்ள சி1-க்குப் பின்முள்ளே கிடையாது, சின்னப் புடைப்பு மட்டுந்தான். ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் இதே 7 எலும்புகள்தான் என்பதைப் போகிறபோக்கில் நண்பரிடம் சொல்லி வைக்கலாம்.

தோள்பட்டை, இடுப்பு, இரண்டு குழிகள்

கைகளைத் தொங்கவிட்டு உட்காரச் சொல்லுங்கள். தோள்பட்டை எலும்பின் மேற்பகுதியில் குறுக்காக ஒரு வரப்பு ஓடுவது கைக்குத் தெரியும். அது நடுக்கோட்டை நோக்கி வந்து முடியும் இடத்திலிருந்து கிடைமட்டமாகக் கோடு இழுத்தால் டி3 முள்ளை ஒட்டிப் போகும். எலும்பின் கீழ்முனையிலிருந்து இழுத்தால் ஏறத்தாழ டி7. கையைச் சற்றுத் தூக்கினாலும் இந்த எலும்பு சுழன்று நகர்ந்துவிடும். அதனால்தான் கைகள் தொங்க வேண்டும் என்று சொன்னேன்.

அடுத்து நண்பரை எழுந்து நிற்கச் சொல்லி, உங்கள் கைகளின் பக்கவாட்டை அவருடைய இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இருபுறமும் பதியுங்கள். பருமனானவர்களிடம் தோலைச் சற்று மேலே ஒதுக்கிவிட்டு இறங்கி வர வேண்டும். இரு கட்டைவிரல்களும் நடுக்கோட்டில் சந்திக்கும் இடம் நான்காவது இடுப்பு முள்ளெலும்பை ஒட்டியது: எல்4.

மருத்துவர்கள் இந்தக் கோட்டுக்கு மிகுந்த மரியாதை தருகிறார்கள். மூளையிலிருந்து இறங்கிவரும் தண்டுவடம் முதுகெலும்பின் அடி வரை போவதில்லை. பெரியவர்களுக்கு எல்1, எல்2 அளவிலேயே முடிந்துவிடுகிறது. பிறந்த குழந்தைக்கு எல்3 வரை இருக்கும். பிறகு எலும்பு வளர்கிற வேகத்தில் தண்டுவடம் வளராததால் பின்தங்கிவிடுகிறது. அது முடிந்த இடத்துக்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் கொத்தாகத் தொங்குகின்றன. குதிரைவால் நரம்புக்கொத்து என்று அதைச் சொல்வார்கள். தண்டுவட நீர் எடுக்கும் ஊசியை எல்3-க்கும் எல்4-க்கும் இடையிலோ எல்4-க்கும் எல்5-க்கும் இடையிலோ செலுத்துவது இதனால்தான். அங்கே ஊசி குத்துவதற்குத் தண்டுவடமே இல்லை. நீரில் மிதக்கும் நரம்பு இழைகள் ஊசிக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

கடைசி அடையாளம் இடுப்பின் அடியில், நடுக்கோட்டுக்கு இருபுறமும் தெரியும் இரண்டு சிறு குழிகள். எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் இடுப்பெலும்பின் விளிம்பைப் பின்னோக்கித் தொடர்ந்து வாருங்கள், அது முடியும் இடத்தில் ஒரு குமிழ் இருக்கும். இரண்டு குமிழ்களையும் இணைக்கும் கோடு எஸ்2, அதாவது சேக்ரத்தின் இரண்டாவது துண்டு. இதுவரை தனித்தனியாக இருந்த முள்ளெலும்புகள் இங்கே ஐந்தாகச் சேர்ந்து சேக்ரம் என்ற ஒரே முக்கோண எலும்பாகியிருக்கின்றன. அதன் நுனியில் வால் எலும்பு. அது இருக்குமிடம் தெரிந்தால் போதும், தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

எண்ணுங்கள், தவறுங்கள், மறுபடி எண்ணுங்கள்

நண்பரைக் குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கடியில் தலையணையைக் கொடுங்கள். சி7-இல் வைத்த புள்ளியிலிருந்து ஒவ்வொரு முள்ளாகக் கீழே இறங்குங்கள். டி3-இல் தோள்பட்டை வரப்பு, டி7-இல் அதன் கீழ்முனை, எல்4-இல் இடுப்புக்கோடு என்று இடையிடையே கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நடு முதுகில் ஒரு சிக்கல் வரும். மார்பு முள்ளெலும்புகளின் பின்முட்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து இறங்குகின்றன. டி5 முதல் டி8 வரை இந்தச் சரிவு அதிகம். விரலுக்குத் தட்டுப்படும் முள்ளின் நுனி இருப்பது அதற்கு அடுத்த எலும்பின் மட்டத்தில். எனவே ‘டி7-இல் கை வைத்திருக்கிறேன்’ என்று நீங்கள் சொல்லும்போது, அதற்கு நேர் முன்னால் இருப்பது டி8-இன் உடற்பகுதி. இடுப்புக்கு வந்ததும் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். அங்கே முட்கள் அகலமாக, கட்டையாக, நேராகப் பின்னோக்கி நிற்கின்றன. இடையிலுள்ள பள்ளங்களும் விரல் நுனி பதியும் அளவுக்கு இருக்கும்.

கணக்கு ஒன்றிரண்டு தவறினால் மனம் தளர வேண்டாம். இடுப்புப் பகுதியில் மயக்க மருந்து நிபுணர்கள் கையால் தடவிக் குறித்த மட்டங்களை எம்ஆர்ஐ படத்தோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. சரியாக இருந்தவை 29 சதவீதம்தான். பெரும்பாலும் தாங்கள் நினைத்ததைவிட உண்மையில் மேலே இருந்தார்கள். அன்றாடம் அதே வேலையைச் செய்கிறவர்களுக்கே இந்த நிலை என்றால், முதல் நாளில் நமக்கு என்ன அவசரம்? இயற்கையும் சில நேரம் விளையாடுகிறது. சிலருக்கு ஐந்தாவது இடுப்பு எலும்பு சேக்ரத்தோடு ஒட்டிப்போயிருக்கும். சிலருக்கு சேக்ரத்தின் முதல் துண்டு பிரிந்து ஆறாவது இடுப்பு எலும்பைப்போல் நிற்கும். இத்தகையவர்களின் எம்ஆர்ஐ அறிக்கையில் எண்ணிக்கையைப் பற்றித் தனிக் குறிப்பு ஒன்று இருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம்.

விரலுக்கு எட்டாத பகுதி

இதுவரை நீங்கள் தொட்டதெல்லாம் முள்ளெலும்பின் வால் நுனிதான். உடலின் எடையைச் சுமக்கும் உருளை வடிவப் பகுதி பல சென்டிமீட்டர் உள்ளே, வயிற்றுப் பக்கமாக இருக்கிறது. உருளைக்குப் பின்னால் எலும்பாலான ஒரு வளையம். எல்லா வளையங்களும் அடுக்கடுக்காக நின்று உண்டாக்கும் குழாயில்தான் தண்டுவடம் இறங்குகிறது. வளையத்திலிருந்து பக்கத்துக்கு ஒரு நீட்டம் கிளம்பித் தசைகளுக்குப் பிடிமானம் தருகிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று சிறு மூட்டுப் பரப்புகள் அடுத்த எலும்போடு பொருந்துகின்றன. ஃபேசட் மூட்டு என்று அறிக்கையில் வருவது இதுதான்.

கழுத்து எலும்புகளின் பக்க நீட்டங்களில் துளைகள் உண்டு. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று சி6-இல் நுழைந்து சி1 வரை அவற்றின் வழியே ஏறுகிறது. கழுத்தைத் திருகி விளையாடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். மார்பு எலும்புகளில் விலா எலும்புகள் பொருந்தும் இடங்கள் இருக்கும். இடுப்பு எலும்புகள் பருத்தவை. இவ்வளவு தெரிந்தால், தனியாக ஓர் எலும்பை மேசையில் வைத்தாலும் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

எங்கே திரும்புகிறது, எங்கே மடங்குகிறது

நண்பரை மறுபடி உட்கார வைத்து, இடது வலதாகத் தலையைத் திருப்பச் சொல்லுங்கள். கழுத்தின் இந்தத் திருப்பத்தில் ஏறத்தாழப் பாதி சி1-க்கும் சி2-க்கும் இடையிலுள்ள ஒரே இணைப்பில் நடக்கிறது. சி2-இலிருந்து ஒரு முளை மேல்நோக்கி நிற்கிறது. சி1 வளையம் அதைச் சுற்றித் திரும்புகிறது. ஆமோதித்துத் தலையை மேலும் கீழும் ஆட்டுவதோ, மண்டையோட்டுக்கும் சி1-க்கும் இடையில்.

இப்போது கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, உடம்பைப் பின்னால் திருப்பச் சொல்லுங்கள். ஒரு கையை அவருடைய நடு முதுகிலும் இன்னொன்றை இடுப்பின் உள்வளைவிலும் வைத்திருங்கள். மேலே உள்ள கை நன்றாகத் திரும்பும். கீழே உள்ளது ஏறக்குறைய அப்படியே இருக்கும். இடுப்பில் ஃபேசட் மூட்டுகள் நெட்டுவாக்கில், ஒன்றுக்கொன்று எதிராகச் சுவர்போல் நிற்பதால் ஓர் இணைப்பு ஒரு பக்கத்துக்கு 1 முதல் 3 பாகைதான் திரும்பும். ‘இடுப்பைத் திருப்புங்கள்’ என்று பயிற்சிகளில் சொல்கிறோமே, அங்கே உண்மையில் திரும்புவது மார்புப் பகுதியும் தொடை மூட்டும்தான். இடுப்பு முள்ளெலும்புகளின் கெட்டிக்காரத்தனம் முன்னும் பின்னும் மடங்குவதில் இருக்கிறது.

அதையும் பாருங்கள். நின்றபடி குனியச் சொல்லி, ஒரு கையைச் சேக்ரத்தின் மேலும் மற்றதை எல்1 அருகிலும் வையுங்கள். தொடக்கத்தில் மேலுள்ள கை அதிகம் நகரும். போகப்போகச் சேக்ரமே சாயத் தொடங்கும். அது தொடை மூட்டின் பங்கு. தொடையின் பின்தசை இறுகியவர்களிடம் சேக்ரம் பாதியிலேயே நின்றுவிட, மீதிக் குனிவை முதுகு ஏற்றுக்கொள்வதைக் கையால் உணரலாம்.

டிஸ்க்

சி2-க்குக் கீழே ஒவ்வோர் இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் ஒரு டிஸ்க், மொத்தம் 23. முதுகெலும்பின் நீளத்தில் ஏறத்தாழக் கால்பங்கு இவற்றால் ஆனது. வெளிப்புறம் நார் வளையங்கள் அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கின்றன; ஓர் அடுக்கின் இழைகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அடுத்த அடுக்கினுடையவை எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். நடுவில் நீர் நிறைந்த கூழ். பெரியவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய் போவதில்லை, வெளி ஓரத்தைத் தவிர. மேலும் கீழும் உள்ள எலும்புத் தகடுகள் வழியாக ஊட்டம் கசிந்து வர வேண்டும். காயம் பட்டால் ஆறுவதற்கு நாளாவது இதனால்தான்.

பகலெல்லாம் உடலின் எடையில் நசுங்கி, கூழ் நீரை இழக்கிறது. இரவில் படுத்திருக்கும்போது திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். காலையில் படுக்கையைவிட்டு இறங்கியதும் சுவரோடு நின்று உயரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். அன்றிரவு படுக்குமுன் மறுபடி குறியுங்கள். 1 முதல் 2 சென்டிமீட்டர் குறைந்திருக்கும். பெரும்பங்கு குறைவது எழுந்த முதல் சில மணி நேரத்தில் என்பதால், காலை அளவைத் தள்ளிப்போட்டால் வித்தியாசம் தெரியாது. காலையில் நீர் ஏறி இறுகியிருக்கும் டிஸ்க்குக்கு ஆழக் குனிவது கூடுதல் சிரமம். முதுகு வலிக்காரர்கள் அந்த நேரத்தில் குனியும் பயிற்சிகளைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம்.

உட்காருவது நிற்பதைவிட டிஸ்க்குக்குக் கெடுதல் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் நாச்சம்சன் 1960-களில் உயிருள்ளவர்களின் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். அந்தக் கருத்து அங்கிருந்து பரவியது. 1999-இல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒருவரின் டிஸ்க்கில் அழுத்தமானியைப் பதித்து அளந்தபோது, தளர்வாக உட்கார்ந்திருக்கையில் அழுத்தம் நிற்கும்போது இருந்ததைவிட அதிகமாக இல்லை. அளவு உண்மையில் எகிறியது, 20 கிலோ எடையை முதுகை வளைத்துத் தூக்கியபோது: நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், அப்போது 2.3. முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. ஒரே ஆளிடம் அளந்தது என்பதை மறக்கக் கூடாதுதான். இருந்தாலும் நாற்காலியைத் திட்டுவதற்கு முன் சுமையைக் கவனிக்கலாம்.

தசைகளை வேலை செய்ய வைத்துத் தொடுங்கள்

முதுகின் மேலடுக்கில் இருப்பவை முதுகுக்காக வேலை செய்பவை அல்ல. கழுத்திலிருந்து நடு முதுகு வரை விரிந்த டிரப்பீசியஸ், அக்குளை நோக்கிச் சுற்றிவரும் லாட்டிசிமஸ் டார்சி, தோள்பட்டைக்கு நடுவிலுள்ள ராம்பாய்டு எல்லாமே தோளையும் கையையும் ஆட்டிவைப்பவை. தோள்களைக் காதை நோக்கி உயர்த்தச் சொன்னால் முதலாவதும், உயர்த்திய கையை உங்கள் கைக்கு எதிராகக் கீழே இழுக்கச் சொன்னால் இரண்டாவதும் இறுகுவதைத் தொட்டுப் பார்க்கலாம்.

முதுகின் சொந்தத் தசைகள் அடியில் இருக்கின்றன. நடுக்கோட்டின் இருபுறமும் தண்டுகளாக ஓடுவது எரெக்டர் ஸ்பைனே. நம்மை நிமிர்த்தி வைப்பது. இதை அறிய ஓர் அழகான வழி உண்டு. நண்பருக்குப் பின்னால் நின்று, எல்3 மட்டத்தில் இருபுறத் தண்டுகளிலும் கட்டைவிரல்களை வையுங்கள். மெதுவாக, மிக மெதுவாகக் குனியச் சொல்லுங்கள். குனியத் தொடங்கியதும் தண்டுகள் விறைத்துக்கொள்ளும். முழுதாகக் குனிந்து கைகள் தொங்கும் நிலைக்கு வந்ததும் விறைப்பு சட்டென்று போய், விரல் மெத்தென்று அமுங்கும். தசை தன் வேலையைக் கைவிட்டு, பாரத்தைத் தசைநார்களிடமும் டிஸ்க்கிடமும் ஒப்படைத்துவிட்ட கணம் அது. நிமிரத் தொடங்கும்போது மறுபடி விறைக்கும். முதுகு வலி உள்ளவர்கள் பலரிடம் இந்தத் தளர்வு வருவதில்லை; கடைசி வரை இறுக்கிக்கொண்டே குனிவார்கள்.

இன்னும் ஆழத்தில், முட்களை ஒட்டியிருப்பது மல்டிஃபிடஸ். அது தனியாகக் கைக்குக் கிடைப்பது கடினம். எல்5 முள்ளின் இருபுறமும் கட்டைவிரல்களை வைத்துக்கொண்டு, நண்பரை நின்ற இடத்திலேயே நடப்பதுபோல் கால் மாற்றச் சொன்னால், ஒரு பக்கமும் மறுபக்கமும் மாறி மாறி விழித்துக்கொள்வதை உணரலாம். அந்த அளவில் விட்டுவிடுங்கள்.

நரம்புக் கணக்கு

தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, சேக்ரத்தில் 5, வாலில் 1. கழுத்தில் 7 எலும்புக்கு 8 நரம்பு எப்படி? முதல் ஏழும் தத்தம் எலும்புக்கு மேலே வெளியேறுகின்றன. எட்டாவது சி7-க்குக் கீழே. அதன்பின் வருபவை எல்லாம் தங்கள் எலும்புக்குக் கீழே.

புதியவர்கள் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. எல்4-க்கும் எல்5-க்கும் இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கினால் எந்த நரம்பு அகப்படும்? எல்4 என்று தோன்றும். ஆனால் எல்4 நரம்பு டிஸ்க்குக்கு மேலேயே வளைந்து வெளியேறிவிட்டது. டிஸ்க்கின் பின்பக்க நடுவில் ஒரு தசைநார் தாங்குகிறது. அது குறுகலானது என்பதால் பிதுக்கம் பெரும்பாலும் நடுவிலிருந்து சற்று ஓரமாகத்தான் வரும். அந்த இடத்தில் இறங்கிக்கொண்டிருப்பது எல்5. இதே கணக்கில், எல்5–எஸ்1 டிஸ்க் பிதுங்கினால் எஸ்1 நரம்பு.

காலில் இவற்றைச் சோதிப்பது எளிது. குதிகாலால் நடப்பதும், கால் பெருவிரலை உங்கள் விரலுக்கு எதிராகத் தூக்குவதும் எல்5-இன் வேலை. பாதத்தின் மேற்புறமும் பெருவிரலும் அதன் உணர்வு எல்லை. நுனிக்காலில் எழும்பி நிற்பது எஸ்1. பாதத்தின் வெளி ஓரமும் சுண்டுவிரலும் அதன் எல்லை. இடுப்பில் கிளம்பும் வலி முழங்காலைத் தாண்டிப் பாதத்தில் எங்கே முடிகிறது என்று கேட்டாலே எந்த நரம்பு என்று பாதி தெரிந்துவிடும்.

அறிக்கையைப் படிக்கும்போது

இனி அந்த எம்ஆர்ஐ அறிக்கையை எடுங்கள். ‘எல்4–எல்5 டிஸ்க் பல்ஜ்’ (டிஸ்க் புடைப்பு) என்ற வரி எந்த இடத்தைச் சொல்கிறது என்பது இப்போது உங்கள் கைக்கே தெரியும். ஆனால் அந்த வரியைப் பார்த்ததும் கலங்க வேண்டியதில்லை. முதுகு வலியே இல்லாதவர்களின் படங்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியிட்டார்கள். 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் புடைப்பு இருந்தது. தேய்மானத்தின் அறிகுறியோ 20 வயதில் 37 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். படத்தில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணமல்ல. பிதுக்கம் இருக்கும் மட்டமும், காலில் வலி போகும் பாதையும், பலம் குறைந்த தசையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். டிஸ்க் எங்கும் விலகி ஓடிவிடுவதும் இல்லை. மேலும் கீழும் எலும்போடு கெட்டியாக ஒட்டியிருக்கிறது. உள்ளே இருக்கும் கூழ் வெளிவந்தாலும் பலருக்குச் சில மாதங்களில் அது தானாகவே சுருங்கிவிடுகிறது.

அடுத்த முறை வேறொருவரை உட்கார வையுங்கள்: பருமனான ஒருவர், பிறகு வயதானவர். சி7 சோதனையும் இடுப்புக்கோடும் கைவந்துவிட்டால் மற்றவை தாமாக ஒட்டிக்கொள்ளும்.

பயிற்சியின் நடுவில் யாராவது இவற்றில் ஒன்றைச் சொன்னால் அந்தக் கணமே கையை எடுத்துவிடுங்கள்: சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்கிறது அல்லது தெரியாமல் கசிகிறது, மலம் கட்டுப்படவில்லை, உட்காருமிடமும் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போகின்றன, இரண்டு கால்களும் பலமிழந்து வருகின்றன. குதிரைவால் நரம்புக்கொத்து மொத்தமாக நசுங்குவதன் அறிகுறிகள் இவை. நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அப்போதே போக வேண்டும். முதுகு வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் வந்திருத்தல், படுத்தாலும் தணியாத இரவு வலி, விழுந்து அடிபட்டபின் வந்த வலி ஆகியவை இருந்தாலும் பயிற்சியைத் தொடராமல் மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.